நாகசாகியில் நடந்து பாருங்கள்

நாகசாகி என்றதும் உங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடம். அணுகுண்டு! ஹிரோஷிமாவுக்கு அடுத்தபடியாக அடி வாங்கிய ஊர். அவ்வளவுதான். ஆனால், அந்தக் குண்டு யார் தலையில் விழுந்தது என்று புரிய வேண்டுமானால், கதையை 1597-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குத் தடித்தடியாகப் புத்தகங்கள்கூட வேண்டாம். நடக்கத் தெம்பிருந்தால் போதும்.

நாகசாகி வட்டாரப் பேச்சில் 'ஸருக்கு' என்று ஒரு வார்த்தை உண்டு. சும்மா ஊரைச் சுற்றி வருவது என்று அர்த்தம். 2006-ல் இந்தப் பெயரில் ஒரு நடைத் திருவிழாவே நடத்தினார்கள். கைடு வேண்டாம் என்பவர்கள் மேப்பை வாங்கிக்கொண்டு தாங்களாகவே கிளம்பிவிடலாம். நம் காதில் அது 'சறுக்கு' என்று விழுந்தாலும் தப்பில்லை. ஊர் பூராவும் மலைச்சரிவுதான்!

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் மேடு, நிஷிசாகா. ஏறிப் போனால் வரிசையாக 26 வெண்கலச் சிலைகள். 1597 பிப்ரவரி 5 அன்று இங்கே 26 கிறிஸ்துவர்களைச் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். உத்தரவு போட்டவர், அன்றைக்கு ஜப்பானையே ஆட்டிப்படைத்த ஹிதேயோஷி. 'இன்று பாதிரி வருவான், நாளை பின்னாலேயே படை வரும்' என்ற பயம் அவருக்கு. கியோட்டோவிலிருந்து கடும் குளிரில் நடத்தியே கூட்டி வந்தார்கள். 26 பேரில் 20 பேர் ஜப்பானியர்கள். ஒரு பையனுக்கு வயது 12. இன்னொருவர் நம்ம ஊர்க்காரர். மும்பைக்குப் பக்கத்தில் வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா!

அங்கிருந்து இறங்கி நகாஷிமா ஆற்றங்கரைக்கு வாருங்கள். 1634-ல் கட்டிய கல் பாலம் ஒன்று இருக்கிறது. இரண்டு வளைவுகளும் தண்ணீரில் விழும் நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி மாதிரி தெரியும். பெயரே கண்ணாடிப் பாலம்தான். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆற்றங்கரையை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது தெஜிமா. விசிறி வடிவத்தில், கடலில் மண்ணைக் கொட்டி 1636-ல் உண்டாக்கிய குட்டித் தீவு. மொத்தமே 4 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு! முதலில் போர்ச்சுக்கீசியர்களை இதில் அடைத்தார்கள். பிறகு அவர்களையும் துரத்திவிட்டு, 1641-ல் டச்சு வியாபாரிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல், ஜப்பானில் ஐரோப்பியர்கள் கால் வைக்க முடிந்த இடம் இது ஒன்றுதான். டச்சுக் கப்பல்களில் சர்க்கரை வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கோடு போட்ட பருத்தித் துணியும் வந்தது. அதற்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் 'ஸாந்தோமே'. ஆமாம், நம்ம மயிலாப்பூர் சாந்தோமேதான்! இன்றைக்குத் தெஜிமாவைச் சுற்றிக் கடல் இல்லை. தூர்த்துவிட்டார்கள். ஊருக்கு நடுவே தீவு!

வியாபாரி உள்ளே வரலாம், சாமி மட்டும் வரக்கூடாது. இதுதான் சட்டம். 1614-லேயே கிறிஸ்துவத்துக்குத் தடை போட்டாயிற்று. யாராவது ரகசியமாகக் கும்பிடுகிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். இயேசு அல்லது மாதா உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். வருஷா வருஷம் ஒவ்வொருவரும் அதை மிதித்துக் காட்ட வேண்டும். தயங்கினால் தொலைந்தான்!

மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்பு கேட்டு ஜெபித்தார்கள். மாதா சிலை வைத்துக்கொள்ள முடியாததால், பௌத்தர்களின் கானோன் சிலையையே மாதாவாக நினைத்துக் கும்பிட்டார்கள். பாதிரியார் கிடையாது, சர்ச் கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். எல்லாரும் சாதாரண விவசாயிகள், மீனவர்கள்.

இப்போது தெற்கே நடந்து ஓவுரா சர்ச்சுக்குப் போங்கள். கதவு திறந்த பிறகு, வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது. 1865 மார்ச் 17 அன்று, உராகாமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கிற சாக்கில் வந்தார்கள். ஒரு பெண், பாதிரியார் பெத்திஜான் அருகில் போய், தங்கள் மனசும் அவர் மனசும் ஒன்றுதான் என்று கிசுகிசுத்தாள். சாந்தா மரியா சிலை எங்கே என்று கேட்டாள். பெத்திஜான் ஆடிப்போய்விட்டார். இரண்டரை நூற்றாண்டாக ஒளிந்திருந்த கூட்டம்!

சந்தோஷம் நீடிக்கவில்லை. தடை அமலில்தான் இருந்தது. உராகாமிக்காரர்கள் சுமார் 3,400 பேரைப் பிடித்து நாடு முழுக்கச் சிதறடித்தார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவே இல்லை. 1873-ல் தடை நீங்கியதும் மிச்சம் இருந்தவர்கள் ஊர் வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? எந்த ஊர்த்தலைவர் வீட்டில் தங்களை மிதிக்க வைத்தார்களோ, அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, 1895-ல் தேவாலயம் கட்ட ஆரம்பித்தார்கள். செங்கல் செங்கலாகச் சேர்த்து முடித்தபோது வருஷம் 1914.

உராகாமிக்கு டிராமில் ஏறிக்கொள்ளுங்கள். கடைசி நிறுத்தம் இதுதான். 1945-ல் அமெரிக்க விமானம் முதலில் போனது கொக்குரா நகரத்துக்கு. மேகமும் புகையும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. இங்கேயும் மேகம். குறி வைத்திருந்தது நீங்கள் போட்டோ எடுத்தீர்களே, அந்த ஆற்றங்கரைப் பகுதியைத்தான். குண்டு சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி வெடித்தது, உராகாமிக்கு மேலே! நடுவில் இருந்த மலைகள் பழைய நகரத்தை ஓரளவு காப்பாற்றின. தேவாலயம், வெடித்த இடத்திலிருந்து வெறும் 500 மீட்டர். மாதா திருநாள் நெருங்கியதால் பாவமன்னிப்பு கேட்க வந்திருந்தவர்களும் பாதிரியார்களும் உள்ளேயே போனார்கள். உராகாமியில் இருந்த கத்தோலிக்கர்கள் சுமார் 12,000 பேர். இறந்தவர்கள் சுமார் 8,500.

அரசாங்கம் இரண்டரை நூற்றாண்டு முயன்றும் அழிக்க முடியாத ஊரை, பெரும்பாலும் கிறிஸ்துவர்கள் வாழும் ஒரு தேசத்தின் குண்டு ஒரே நொடியில் பொசுக்கியது.

சர்ச்சை 1959-ல் திரும்பக் கட்டிவிட்டார்கள். பக்கத்துச் சரிவில் இறங்கிப் பாருங்கள். வெடிப்பில் உருண்டு விழுந்த மணிக்கூண்டு, விழுந்தபடியே கிடக்கிறது. இரண்டு மணிகளில் ஒன்று நொறுங்கிவிட்டது. இன்னொன்றை இடிபாடுகளுக்குள்ளிருந்து முழுசாகத் தோண்டி எடுத்து, அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அடித்தார்கள். எண்பது வருஷம் அது தனியாகத்தான் ஒலித்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் திரட்டிப் புது மணி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடத்துக்கு இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.