குதிரைப் படையும் கவச வண்டியும்

நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றையும், அதன் உச்சியில் உள்ள கோட்டையையும் சேலம், நாமக்கல் பகுதி மாணவர்கள் நன்கு அறிவார்கள். 1768-ஆம் ஆண்டில் கர்னல் வுட் என்பவரின் தலைமையில் வந்த கம்பெனிப் படை அக்கோட்டையைக் கைப்பற்றியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் அலி அதனை மீட்டுக்கொண்டார். விரைந்து செல்லும் குதிரைப் படையே ஹைதரின் பெரும் பலம். சமவெளியில் வேகம் உடையவன் வெல்வான். மலையரண் எதிர்ப்பட்டால் அந்த வேகம் தடைப்படும். நம் ஊர்ச் சரித்திரம் கற்பிக்கும் இப்பாடத்தை 1941-இல் இந்திய வீரர்கள் ஆப்பிரிக்காவில் மீண்டும் கற்க நேர்ந்தது. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

1803-இல் ஜேம்ஸ் ஸ்கின்னர் என்பவர் வட இந்தியாவில் ஒரு குதிரைப் படையைத் திரட்டினார். அவருடைய தந்தை ஸ்காட்லாந்துக்காரர். தாய் ராஜபுத்திரப் பெண். ஸ்கின்னரின் வீரர்கள் மஞ்சள் அங்கி அணிந்து புகழ் பெற்றார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் இப்படை குதிரைகளை விட்டு மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. குதிரை அதன் பெயரில் மட்டுமே எஞ்சியது.

கவச வண்டி என்பது யாது? லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அதனை விளக்குவது எளிது. மோட்டார் வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் மரத்துக்குப் பதிலாக எஃகுத் தகடுகளைப் பொருத்தி, இயந்திரத் துப்பாக்கியை ஏற்றினால் அதுவே கவச வண்டி. அக்காலத்தில் இந்தியாவிலேயே ஜம்ஷெட்பூர் எஃகைக் கொண்டு கட்டப்பட்ட வண்டிகள் 'டாட்டாநகர்' என்றே பெயர் பெற்றன. முன்னே சென்று பகைவரின் நிலையை அறிந்து வருவது இவற்றின் தலையாய பணி. தகடு மெல்லியது, ஆதலின் வேகமே இவற்றுக்கு மற்றொரு கவசம்.

1935-இல் இத்தாலி அபிசீனியாவின் மீது படையெடுத்து, நச்சு வாயுவையும் பயன்படுத்தி, மறு ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டை விழுங்கியது. 1940-இல் இத்தாலி உலகப் போரில் இறங்கியதும் இந்தியாவின் நான்காம், ஐந்தாம் டிவிஷன்கள் சூடானுக்கு அனுப்பப்பட்டன. ஸ்கின்னர் படையும், சூடான் நாட்டு மோட்டார் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவும், பீரங்கிகளும் சேர்ந்து 'கெஸல்' அதாவது 'மான்' என்ற பெயர் கொண்ட விரைவுப் படையாயின. கர்னல் மெசர்வி அதற்குத் தலைவர்.

1941 ஜனவரி 21-ஆம் நாள் எரித்திரியாவில் கேரு என்னும் இடத்தருகே ஒரு விந்தை நிகழ்ந்தது. அமேதியோ குயிலெட் என்ற இத்தாலிய அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ அறுபது ஆப்பிரிக்கக் குதிரை வீரர்கள் 'மான்' படையின் மீது பாய்ந்தார்கள். பீரங்கிகள் மிக அருகிலிருந்தே அவர்களைச் சுட்டன. பலர் மாண்டார்கள். குதிரையின் பெயரைத் தாங்கிய படை வண்டிகளில் இருக்க, எதிரே மெய்யான குதிரைகள் வந்து மடிந்தன. ஒரு யுகம் முடிந்ததை அங்கிருந்தோர் கண்ணாரக் கண்டார்கள்.

ஆனால் வண்டியின் வெற்றியும் நீடிக்கவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் அப்படை கெரன் மலைகளை அடைந்தது. இரு மலைகளுக்கு நடுவே செல்லும் ஒரே சாலையை இத்தாலியர் பாறைகளைத் தகர்த்து அடைத்திருந்தார்கள். சக்கரங்கள் நின்றன. காலாட்படையினர் தண்ணீரையும் குண்டுகளையும் சுமந்து செங்குத்தான சரிவுகளில் ஏறினார்கள். ஏறத்தாழ ஏழு வாரம் போர் நடந்தது. நான்காம் டிவிஷனில் மதராஸ் சாப்பர்களின் 12-ஆம் கம்பெனியும் பணிபுரிந்தது. இறுதியில் சாப்பர்கள் இரவு பகலாக அடைப்பை நீக்கிய பின்னரே வண்டிகளுக்கு வழி பிறந்தது. மார்ச் 27-ஆம் நாள் கெரன் வீழ்ந்தது. பிரிட்டிஷ் தரப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மே 5-ஆம் நாள், தலைநகரை இத்தாலியர் கைப்பற்றிச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, பேரரசர் ஹெய்லி செலாசி அடிஸ் அபாபாவுக்குத் திரும்பினார்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிறர் நாட்டின் விடுதலைக்காக உயிர் கொடுத்த இவர்களுக்குச் சொந்த நாட்டில் விடுதலை இல்லை. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய ராஜாஜி, இந்தியாவின் சம்மதமின்றி அதனைப் போரில் இழுத்ததை எதிர்த்து, காங்கிரஸின் முடிவுப்படி 1939 அக்டோபரில் சென்னை மாகாணப் பிரதமர் பதவியைத் துறந்தார். 1940 டிசம்பரில் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் பொருட்டுச் சிறை புகுந்தார். கெரன் சரிவில் வீரர்கள் ஏறியபோது அவர் சிறையில் இருந்தார். எரித்திரியாவுக்கும் அவ்வெற்றி உடனே விடுதலை தரவில்லை. அந்நாடு தனியரசானது 1993-இல்தான்.

சிறையில் இருந்தவரைப் போற்றுவதற்காகப் போர்க்களத்தில் மாண்டவரை மறக்க வேண்டியதில்லை. கெரன் நகரின் போர்க் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கென்றே ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. நம் சரித்திர நூல்களிலும் அவர்களுக்குச் சில பக்கங்கள் இருத்தல் வேண்டும்.