கப்பல்களும் அவற்றின்பின் வந்த சட்டங்களும்

கனடாவின் குடிவரவுச் சட்டங்களைப் புரட்டுவோர், அவற்றுட் சில ஏதேனுமொரு கப்பலின் வருகையை அடுத்துப் பிறந்தவை என்பதைக் காண்பர். 1914ல் மாத்திரம் சட்டம் கப்பலை முந்திக்கொண்டது. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காது நேரே வருவோருக்கே அனுமதி என்ற விதி 1908ல் எழுதப்பட்டிருந்தது. அதில் இந்தியாவின் பெயர் இல்லை. எனினும் இந்தியாவிலிருந்து அவ்வாறு வர வழியிருக்கவில்லை. 376 பேருடன் வன்கூவரை அடைந்த கோமகட்டா மாரு இரண்டு மாதங்கள் அங்கு காத்துக்கிடந்தது. மிகச் சிலரே இறங்க, ஏனையோர் போர்க்கப்பலொன்றின் காவலுடன் திருப்பி அனுப்பப்பட்டனர்.

எம்மவர் கதை 1986 ஓகஸ்ட் 11ல் ஆரம்பமாகின்றது. நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர் மீட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறினர். மேற்கு ஜேர்மனியிலேயே கப்பலேறினர் என்பது சில நாட்களில் வெளியாயிற்று. 1983இல் இலங்கையில் எரிந்த வீடுகளைக் காட்டிலும் இந்தப் பொய்யே பலரது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆயினும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டுக்கான அனுமதிப்பத்திரம் வழங்கியது. அகதிகளுக்குப் புரிந்த உதவிக்காகக் கனேடிய மக்களுக்கு ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

மறு ஆண்டு யூலையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர், நோவா ஸ்கோஷியாவின் கரையோரக் கிராமமொன்றில் இறங்கினர். கோடை விடுமுறையிலிருந்த நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. அங்கு கொண்டுவரப்பட்ட சி-84 மசோதா, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கடத்திவருவோருக்குப் பத்தாண்டுச் சிறையையும் ஐந்து இலட்சம் டொலர் வரையிலான அபராதத்தையும் விதிக்க முனைந்தது. கப்பலைக் கடலிலேயே மறித்துத் திருப்பும் அதிகாரத்தையும் அது கேட்டது. செனட் சபை எதிர்த்து நின்றதால், 1988லேயே அது சட்டமாயிற்று. 2002ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் தண்டனையை ஆயுட்சிறையாகவும் பத்து இலட்சம் டொலராகவும் உயர்த்தியது.

2009 ஒக்ரோபரில் 76 பேருடன் ஓஷன் லேடியும், 2010 ஓகஸ்டில் 492 பேருடன் சன் சீயும் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தன. சன் சீயில் வந்தோருள் 49 பேர் சிறுவர். 2012ல் நிறைவேறிய சட்டம், கூட்டமாக வந்திறங்குவோரை அமைச்சர் தனிப்பிரிவினராகக் குறிக்கலாம் என்றது. அவ்வாறு குறிக்கப்பட்டோரில் பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குத் தடுப்புக்காவல். அகதியென ஏற்கப்பட்ட பின்னரும் ஐந்தாண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கோர முடியாது. அதுவரை மனைவி மக்களை அழைக்கவும் வழியில்லை. விந்தை யாதெனில், அப்பிரிவு முதன்முதலிற் பாய்ந்தது கப்பலில் வந்தோர் மீதன்று. அமெரிக்க எல்லையைத் தரைவழியே கடந்து கியூபெக்கினுள் நுழைந்த ருமேனியர் மீது.

கடத்தற்காரர் யார் என்பதே எஞ்சிய கேள்வி. எம் வாசகர்க்கு ஏஜென்சிக்காரரை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. ஆனால் மாலுமிகள் கைவிட்டுச் சென்ற சன் சீயில் சமைத்தவரும், இயந்திர அறையிற் காவலிருந்தவரும், தாமும் உயிர்தப்பி ஓடிவந்த பயணிகளே. அவர்களையும் கடத்தற்காரரென்று கூறி, அகதிக் கோரிக்கையைக்கூட விசாரிக்க மறுத்தனர் அதிகாரிகள். 2015 நவம்பர் 27ல் உயர் நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. இலாபநோக்கின்றித் தம்முள் ஒருவருக்கொருவர் உதவிய அகதிகளும், உறவினருக்குத் துணைநின்றோரும், மனிதாபிமானத்தால் உதவியோரும் கடத்தற்காரர் ஆகார் என்று அது தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடுப்புக்காவல் ஏற்பாடுகள் அவ்வழக்குகளில் ஆராயப்படவில்லை.