மன்னார்: படம் எடுத்துவிட்டுத் திரும்பும் ஊரல்ல

மன்னாருக்குப் போகிறேன் என்றதும் கொழும்பு நண்பர்கள் இரண்டு விடயங்களைத்தான் சொன்னார்கள். பெருக்கமரத்தைப் பார், கழுதைகளைப் படம் எடு. அரைநாள் போதும் என்றார்கள். நான் மூன்று நாட்கள் நின்றேன். அதுவும் போதவில்லை.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். வயது சுமார் 700 ஆண்டுகள் என்கிறார்கள். ஆபிரிக்காவுக்குரிய இந்த மரத்தையும், தெருவில் திரியும் கழுதைகளின் முன்னோரையும் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாக நம்பப்படுகிறது. மன்னாரில் மரமும் மிருகமும் மட்டுமல்ல, மதங்களும் அரசுகளும் மனிதர்களும் கடலால் வந்து சேர்ந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் தீவு வேறு விதமாகத் தெரியும்.

மாந்தையும் கோட்டையும்

தீவுக்குள் நுழையும் தரைப்பாலத்துக்கு முன், பெருநிலப் பக்கத்தில் இருக்கிறது மாந்தை. அனுராதபுர காலத்தின் பெரும் துறைமுகம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேதான், பாலாவிக் கரையில் உள்ளது. பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது ஊர் வழக்கு. மீண்டும் கோயில் எழுப்ப 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். போரிலும் சிதைந்த ஆலயத்துக்கு 2022இல் குடமுழுக்கு நடந்தது.

பாலத்தைத் தாண்டியதும் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். தோட்டவெளியில் இன்னொரு நினைவிடம் இருக்கிறது. 1544இல், கத்தோலிக்கத்தைத் தழுவியதற்காக யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கானோருக்கானது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் ஊர்களும் இதே தீவில்தான் உள்ளன. போர் முடிந்த பின் திரும்பியவர்கள் மீண்டும் வீடு கட்டிய தெருக்களில் நடந்தேன். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் அருகருகே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நல்லிணக்கம் என்று எழுதுவது எளிது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காயம் இருக்கிறது.

தலைமன்னார்

புகையிரதப் பாதை முடிவது இங்கே. 1914இல் தொடங்கிய படகுச் சேவை தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைத்தது. சென்னையில் புகையிரதம் ஏறியவர் இடையில் கப்பலேறிக் கொழும்பு வந்து சேரலாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த சேவையும் 1980களில் போரால் நின்றது. 1990இல் நின்ற புகையிரதம் 2015 மார்ச்சில் திரும்பி வந்தது. கப்பல் வரவில்லை.

இதற்கெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மலையகத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழர்கள் இந்தக் கரையோரம் இறங்கிக் காட்டுவழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. இங்கே சுற்றுலாப் பயணிகள் தேடுவது இராமர் அணையின் மணல்திட்டுகளை. எனக்கு அந்தக் கால்தடங்கள்தான் நினைவில் நின்றன.

பறவைகளும் காற்றாலைகளும்

வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரிகாலத்தில் பூநாரைகள் உட்பட ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் வரும். தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் காற்றாலைகளும் கனிம மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். நான் பேசிய பேசாலை மீனவர் ஒருவர் மின்சாரத்தை எதிர்க்கவில்லை. தாழ்ந்த மணல் தீவு இது, மணலைத் தோண்டினால் கடல் உள்ளே வரும் என்பதுதான் அவர் பயம். தீவுக்கு வெளியே வைக்கட்டும் என்றார்.

போக விரும்புபவர்கள் நவம்பர் முதல் பெப்ரவரிக்குள் போங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். ஊர்க்காரரின் முச்சக்கரவண்டியைப் பிடியுங்கள், ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். தெற்கே அரிப்புக்கும் போங்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை அங்கே கடலரிப்பில் இடிந்துகொண்டிருக்கிறது. கடல் கொண்டுவந்ததைக் கடலே எடுத்துக்கொண்டு போவதை நின்று பார்க்கலாம். அந்த வரிசையில் தீவும் சேர்ந்துவிடக்கூடாது என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை.