வலஞ்சுழியும் இடஞ்சுழியும்

மிதிவண்டியின் உறுப்புகளுள் கண்ணுக்குப் புலப்படாமல் பெருஞ்சுமை தாங்குவது, இரு மிதிகட்டைகளின் கைகளையும் இணைக்கும் நடு அச்சாகும். பழைய வண்டியைச் செப்பனிட முனைவோரைத் திகைக்க வைப்பதும் அதுவே. பல்லாண்டுத் துருவினால் இறுகிவிட்ட அதன் கிண்ணத்தைக் கழற்றத் தோள்வலிமை மட்டும் போதாது. அவ்வண்டியின் வரலாறும் தெரிந்திருத்தல் வேண்டும்.

தொடக்க கால மிதிவண்டிகளில் இந்நடு அச்சே இல்லை. 1860களில் பாரிசில் பரவிய வண்டிகளிலும், பின்னர் வந்த உயர்சக்கர வண்டிகளிலும் மிதிகட்டைகள் முன்சக்கர அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியோ, மிதிகட்டைகளை இரு சக்கரங்களுக்கும் இடையே கொணர்ந்து, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கியது. இவ்வமைப்பு வளர்ச்சியுற்றபோது, சட்டத்தின் அடியில் ஒரு குறுங்குழாயும் அதனுள் சுழலும் அச்சும் நிலைபெற்றன. அச்சைத் தாங்கும் எஃகுக் குண்டுகள் உருளுவதற்கென, குழாயின் இருமுனைகளிலும் கிண்ணங்கள் திருகப்பட்டன.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வலப்புறமிருந்து நோக்கினால், வண்டி முன்செல்லும்போது அச்சு வலஞ்சுழியாகச் சுழலும். இடையில் உருளும் குண்டுகளோ கிண்ணத்தை எதிர்த்திசையில் சிறிது சிறிதாக நகர்த்த முயலும். வழக்கமான மரையாயின் கிண்ணம் தளர்ந்து கழன்றுவிடும். ஆதலின் ஆங்கிலேயர் வலக் கிண்ணத்துக்கு எதிர்மரை வெட்டினர். வண்டி ஓட ஓட அக்கிண்ணம் இறுகுமேயன்றித் தளராது. இத்தாலியரோ இருபுறமும் வழக்கமான மரையையே கொண்டனர்.

மரையின் நெருக்கமும் ஒன்றாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் பொதுவழக்கு ஓரங்குலத்துக்கு 24 மரைகள்; நாட்டிங்காமின் ராலே நிறுவனம் தன் வண்டிகள் பலவற்றுக்கு 26 மரைகளை வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் சாலைகளிலும் ஓடிய ராலே வண்டியில் மூலக் கிண்ணம் சிதைந்தால், 24 மரைக் கிண்ணம் அவ்விடத்தில் பொருந்தாது. ஒரு சிறு பிழையால் நல்ல சட்டமே பயனற்றுப் போகக்கூடும்.

இருக்கைக் குழாய் வழியே இறங்கும் மழைநீர் அடிக்குழாயில் தேங்குகிறது. அங்கே தோன்றும் துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்து, மரைகளை இறுகப் பிணைக்கிறது. நிலைமை அறியாதார் வலக் கிண்ணத்தையும் இடஞ்சுழியாகத் திருப்பி, மேலும் இறுக்குகின்றனர், விளிம்பையும் சிதைக்கின்றனர்.

அறிந்தாரோ இடக் கிண்ணத்தின் பூட்டு வளையத்தை முதலில் தளர்த்தி, அக்கிண்ணத்தையும் இடஞ்சுழியாகக் கழற்றி, அச்சையும் குண்டுகளையும் எடுத்துவிடுவர். வலக் கிண்ணத்தின் மரைகளில் ஊடுருவும் எண்ணெயிட்டு ஓரிரு நாள் காத்திருப்பர். பின்னர்ச் சட்டத்தைக் கிடத்தி, கிண்ணத்தின் தட்டையான விளிம்புகளைப் பட்டறை மேசையின் வைஸில் இறுகப் பிடித்து, கிண்ணத்தைத் திருப்பாமல் சட்டத்தையே திருப்புவர். நீண்ட சட்டமே நெம்புகோலாகிறது. மேலிருந்து நோக்குவார்க்கு அது வலஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். ஓசையுடன் துருப்பிடி விடுபட்டதும், எஞ்சியவற்றைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம்.

முன்னோர் காரணத்தோடு வெட்டிய மரை, காரணம் அறிந்தவனுக்கு வழிவிடுகிறது. அறியாதவனுக்கு மேலும் இறுகுகிறது. திசையறியாத வலிமை முயற்சியன்று, சேதமே என்பதை ஒரு பழைய மிதிவண்டியின் கிண்ணம் உணர்த்துகிறது.