மெமரி கட்டையில ஒரு வெட்டு

கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டுறது இன்னிக்கு அஞ்சு நிமிஷ வேலைதாங்க. ஆனா அது சுலபமானதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தப்போ ஆரம்ப மெமரி வெறும் 16 கிலோபைட். இன்னொரு 16 வேணும்னா 9 சிப் வாங்கணும்: 8 தரவுக்கு, 1 பிழை பார்க்க. பூரான் மாதிரி கால் வச்ச சிப்பை ஒவ்வொண்ணா சாக்கெட்ல அழுத்தணும். ஒரு கால் மடங்கினா போச்சு!

1983 வாக்கில் வாங் லேபாரட்டரீஸ் சிப்புகளை ஒரே அட்டையில பதிச்சு, அட்டையையே சொருகுற 'சிம்'மை உருவாக்கினாங்க. அதுலயும் ஒரு தொல்லை. 72 பின் சிம் 32 பிட் அகலம், பென்டியத்தோட பாதை 64 பிட். அதனால ஜோடியாத்தான் வாங்கணும். 64 பிட் 'டிம்' வந்தப்புறம்தான் ஒண்ணே போதும்னு ஆச்சு.

அப்ப அந்த வெட்டு எதுக்கு? டிடிஆர்2, டிடிஆர்3 ரெண்டுக்கும் 240 பின்தான். ஆனா முன்னதுக்கு 1.8 வோல்ட், பின்னதுக்கு 1.5. மாத்திச் சொருகிடக் கூடாதுன்னுதான் வெட்டைத் தள்ளி வச்சாங்க. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டும் 288 பின், அங்கயும் இதே கதைதான்.

அதனால மதர்போர்டு கையேட்டைப் பார்த்து வாங்குங்க. பவர் ஒயரைக் கழட்டிட்டு, வெட்டைப் பொருத்தி, 'டக்'னு கேக்குற வரை அழுத்துங்க. வெட்டே பொருந்தலைன்னா மல்லுக்கட்டாதீங்க :-)

இப்ப பல லேப்டாப்ல மெமரியை போர்டோடவே பத்தவச்சுடறாங்க. வாங்கின அன்னிக்கு இருக்கறதுதான் கடைசி வரைக்கும். நாமளே திறந்து கூட்டிக்கிற வசதி பெரும்பாலும் டெஸ்க்டாப்புலதான் மிச்சமிருக்கு. அதை விட்டுடாதீங்க மக்களே!