பழைய மஸ்கெலியா



காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியத்தால் அறிகின்றோம். அந்நகரத்தின் வீதிகளும் கோட்டங்களும் மறைந்தொழிந்தன. ஆயினும் பெயர் மறையவில்லை. அதனைப் பாடி வைக்கப் புலவர் இருந்தனர். நம் மலைநாட்டிலும் ஊர்கள் மறைந்திருக்கின்றன. அவை ஆயிரம் ஆண்டுகட்கு முன் மறைந்தவையல்ல. நம் பெற்றோர் காலத்தில் மறைந்தவை. அவற்றைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகச் சிவனொளிபாத மலையை நோக்கிச் செல்வோர், மஸ்கெலியா என்னும் சிறு பட்டினத்தைக் கடந்தே நல்லதண்ணியை அடைவர். இன்று நாம் காணும் மஸ்கெலியா புதிய ஊர். பழைய ஊர் அதற்குக் கீழே, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றது. ஆண்டின் தொடக்கத்தில் மழையின்றி வெயில் நீடித்து நீர்மட்டம் மிகத் தாழும்போது அப்பழைய ஊர் வெளியே தலைகாட்டும். சண்முகநாதர் ஆலயத்தின் கற்றூண்களும் சுவர்களும் முதலில் தோன்றும். பௌத்த விகாரையின் எச்சங்களும் பள்ளிவாசலின் எச்சங்களும் அடுத்துத் தோன்றும். அவற்றினிடையே பழைய பாதையும் தெரியும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியில் கூடி வாழ்ந்த ஊர் அது என்பதற்கு அம்மூன்று வழிபாட்டிடங்களே சாட்சி. அதனைக் காண மக்கள் திரளாகச் செல்வர். தென்மேல் பருவமழை பெய்தவுடன் யாவும் மீண்டும் நீரில் மூழ்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச்சு மாதத்தில் எம் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரை அங்கே அழைத்துச் சென்றேன். வெடித்துக் கிடந்த சேற்றுத் தரையில் நின்று அவ்வூரின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துரைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "சேர், இங்கே இருந்த ஆட்களோட பேரெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கு?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கும் யான் அவ்வினாவிற்கு அன்று விடை கூற இயலாமல் நின்றேன். இவ்வுரை அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையென்றே கருதுகின்றேன்.

முதலில் அவ்வூர் எழுந்த வகையைக் காண்போம். கண்டிச் சீமையின் கோப்பிப் பயிர்ச்செய்கை, 1860களின் பிற்பகுதியிலும் 1870களிலும் டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளின் பெருங்காடுகளை வந்தடைந்தது. காட்டை வெட்டியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர். அவர்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் இறந்தவர் பலர். கோப்பியோ நீடித்து நிலைக்கவில்லை. 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் மலையெங்கும் பரவியது. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. தோட்டங்கள் பெருகப் பெருக, அவற்றிற்கு அரிசியும் துணியும் விற்கும் கடைவீதிகள் எழுந்தன. மஸ்கெலியாவும் அவ்வாறு தோட்டங்களை நம்பி எழுந்த ஊரே.

அவ்வூரை நீர் மூடிய காரணம் யாது? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கை பிறக்கின்றது. மலையினின்றும் செங்குத்தாக வீழும் இவ்வாறுகளின் வேகத்தை மின்சாரமாக்கலாம் என்று 1918இலேயே எடுத்துக்காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அக்கனவு நனவாக முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றன. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1953இல் மறைந்த அப்பெரியார் அதனைக் கண்ணாற் கண்டார். பின்னர் 1965இல் கெஹெல்கமு ஓயாவின் மீது காசல்ரீ அணையும், 1969இல் மஸ்கெலியா ஓயாவின் மீது மவுஸ்ஸாக்கலை அணையும் நிறைவெய்தின. பின்னதன் நீர்த்தேக்கம் 12 கோடிக் கன மீற்றருக்கு மேல் நீர் கொள்ளும். அப்பரப்பினுள் அகப்பட்ட பழைய மஸ்கெலியா மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்தது.

மின்சாரம் நாட்டிற்கு வேண்டியதே, அதனை மறுப்பாரில்லை. தமிழகத்தில் மேட்டூர் அணை 1934இல் எழுந்தபோதும் ஊர்கள் மூழ்கின. காவிரியில் நீர் குறையும் காலத்தில் பண்ணவாடியருகே பழைய கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் இன்றும் வெளிப்படுகின்றன. அங்கே மூழ்கிய நிலத்தால் தஞ்சைத் தரணி பயன்பெற்றது. இங்கே மூழ்கிய நிலத்தால் தலைநகரின் விளக்குகள் எரிந்தன. ஆனால் அணையைச் சுற்றியிருந்த தோட்டங்களின் பல லயங்களில் அதன் பின்னும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது என்பதையும் வரலாறு குறித்து வைத்தல் வேண்டும்.

இனி, ஊர் மறைந்தால் அவ்வூரார்க்கு எஞ்சுவது எது என்று எண்ணிப் பாருங்கள். காணிக்குச் சொந்தக்காரனிடம் உறுதி இருக்கும். கடைக்காரனிடம் கணக்கேடு இருக்கும். தோட்டத் தொழிலாளியின் காம்பிராவோ தோட்டத்திற்கு உரியது. நான்கு தலைமுறையாக ஒரே காம்பிராவில் பிறந்து இறந்த குடும்பத்திடமும் அந்நிலத்தைத் தன்னதென்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், அவர்களுட் பெரும்பாலோர்க்கு நாடென்று சொல்லிக்கொள்ளவும் சட்டத்தில் இடமில்லாது போயிற்று.

ஈண்டு 1964ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களின் வாழ்வைத் தீர்மானித்த ஒப்பந்தம் அது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதிற் கண்டது. அவ்வெச்சமும் 1974இல் இரு நாடுகட்கும் பாதிப் பாதியாகப் பகிரப்பட்டது. அம்மக்களுட் பலர் தாம் எந்நாட்டார் என்பதைப் பிறர் எண்ணிப் பகிர்ந்த பின்னரே அறிந்தனர்.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு திங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவில், தனுஷ்கோடியைப் புயலும் கடலும் அழித்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பின்னர், நம்மவர் இலங்கைக்கு வந்த வாயில் அதுவே. மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி மலைநாடு வந்தோர் எத்தனையோ ஆயிரவர். வந்தவரைத் திருப்பியனுப்ப முடிவான அதே ஆண்டில், அவர்கள் வந்த வாயில் இல்லாதொழிந்தது. இது தற்செயலாக நேர்ந்ததே. எனினும், சென்றவரெல்லாம் பின்னர் இராமேசுவரத்திற் போய் இறங்கும்போது, பாட்டனார் கப்பலேறிய ஊரைக் காண ஒருவராலும் இயலவில்லை.

ஒப்பந்தத்தால் மறைந்த குடியிருப்புகளும் உண்டு. அவற்றின் மீது நீர் நிற்கவில்லை. ஒரு லயத்திற் பாதிக் குடும்பங்கள் ஒரே கிழமையில் ஹட்டன் புகையிரத நிலையத்திற்குப் பெட்டிகளோடு இறங்கின. சில ஆண்டுகளில் கூரைத் தகரம் கழன்றது, சுவர் சரிந்தது, மானாப்புல் மூடியது. இன்று அத்தகைய இடங்களில் ஒரு வாழைப் புதரையும், காட்டினுள்ளே ஒரு மாடசாமிக் கல்லையும், சிதைந்த குழாய்த் தொட்டியையும் காணலாம். சென்றவருட் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியேறினர். தாயகம் திரும்பியோர்க்கென்று 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே தோளில் ஏற்றினர்.

மறைவுகள் அத்தோடு நிற்கவில்லை. துட்டகைமுனு இளமையில் மறைந்து வாழ்ந்ததாகக் கூறப்படும் கொத்மலைப் பள்ளத்தாக்கில், மகாவலித் திட்டத்தின்கீழ் எழுந்த அணை 1985இல் இயங்கத் தொடங்கியது. பழமையான பல சிங்களக் கிராமங்கள் அங்கே மூழ்கின. வயலும் விகாரையும் இழந்த குடும்பங்கள் தொலைவிலுள்ள வரண்ட பிரதேசங்களிலும் குடியேற நேர்ந்தது. நீர் வற்றுங்கால் கடதொர விகாரையின் எச்சம் அங்கே வெளிப்படுகின்றது. மூழ்கிய விகாரைகளின் நினைவாக மேட்டில் ஒரு பெருந்தூபி எழுப்பப்பட்டிருப்பது போற்றத்தக்கது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்திற்காகத் தலவாக்கலையிலும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஊரை இழந்த துயரம் ஓரினத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதனை இவற்றால் உணர்கின்றோம். வேறுபாடு ஒன்றே. சிலர்க்கு நினைவுச் சின்னமும் உறுதிப் பத்திரமும் எஞ்சின. தோட்டத்தார்க்கு அவையும் எஞ்சவில்லை.

அவ்வாறாயின் அம்மாணவியின் வினாவிற்கு விடை இல்லையா? உண்டு. சுற்றுலா முடிந்து திரும்பிய மறுநாள், எம் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பை அலுமாரியினின்றும் எடுத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடமாக இருந்த காலத்து இடாப்பு அது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தோட்டத்தின் பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதற்குக் காரணம் என்று அதில் நிரல்கள் உள. 1970களின் தொடக்கத்திலிருந்து 1984 வரையுள்ள ஏடுகளைப் புரட்டினேன். காரணம் என்னும் நிரலில் ஒரே சொல் மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தது: இந்தியா, இந்தியா, இந்தியா. சில இடங்களில் எழுதிய ஆசிரியர் சலித்துப் போய், மேற்படி என்பதற்கு இரு கோடுகளை மட்டும் இட்டிருந்தார். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதன்பின் அச்சொல்லும் அருகியது.

அவ்விடாப்பை அம்மாணவியிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இது எங்க அம்மாயியோட தங்கச்சி பேரு" என்றாள். அவர் மூன்றாம் வகுப்பில் விலகியிருந்தார். மூழ்கிய ஊரில் அவள் தேடிய புத்தகம், அவள் நாள்தோறும் கடந்து செல்லும் அறையிலேயே இருந்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தால், நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்கும் இலங்கைக் குடியுரிமை கிட்டிற்று. சட்டம் தர வேண்டியதை, காலந்தாழ்த்தியேனும், தந்தது. நினைவைச் சட்டம் தராது. அதனை நாமே சேர்த்தல் வேண்டும். மலைநாட்டுப் பாடசாலைகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். பழைய இடாப்புகளையும் சம்பவத் திரட்டுகளையும் பழங்காகிதமென்று எடைக்குப் போடாதீர்கள். மாணவரைத் தோட்டத்து முதியோரிடம் அனுப்புங்கள். எந்த லயத்தில் எவர் இருந்தார், கோயிலில் எவர் காமன் கூத்துப் பழக்கினார், இடிந்த கடையின் பெயர் யாது, கப்பலேறியவர் எங்கே சென்றார் என்பவற்றைக் கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பழைய மஸ்கெலியாவின் வீதியில் நடந்தவருட் சிலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் எண்பது வயதை எட்டியும் கடந்தும் நிற்கின்றனர்.

அடுத்த கோடையில் நீர் வற்றும். சண்முகநாதர் ஆலயத்தின் தூண்கள் மீண்டும் தோன்றும். அதற்குள் ஒரு கொப்பியேனும் நிறைந்திருக்குமானால், அங்கே நின்று வினவும் பிள்ளைக்கு நாம் விடை கூற இயலும்.