டேனியல் கெர்

டேனியல் கெர் (பிறப்பு: மே 16, 1983) ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து ஆட்டத்தின் முன்னாள் நடுக்கள வீரர் ஆவார். பெர்த் நகரைச் சேர்ந்த வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அணிக்காக 2001 முதல் 2013 வரை 220 ஆட்டங்களில் ஆடினார். 2006 ஆம் ஆண்டு வாகை சூடிய அணியில் இடம்பெற்றிருந்தார். இவ்வாட்டத்தின் உயர்நிலைத் தொடரான ஏ.எஃப்.எல். போட்டிகளில் ஆடிய, இந்திய மரபில் வந்த வீரர்கள் சிலருள் இவரும் ஒருவர்.

குடும்பப் பின்னணி

இவருடைய தந்தை ரோஜர் கெர் கொல்கத்தாவில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். ரோஜரின் தந்தை ஆங்கிலேயர், குத்துச்சண்டை வீரர். தாய் இந்தியர், கூடைப்பந்து ஆடியவர். ஆஸ்திரேலியாவில் ரோஜரும் ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து ஆடினார். டேனியலின் தங்கை சாம் கெர் சிறுவயதில் இதே ஆட்டத்தை ஆடிப் பின்னர் கால்பந்துக்கு மாறியவர். 2019 இல் ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்து அணியின் தலைவரானார்.

ஆட்டமும் நடுக்கள வீரரின் பணியும்

இவ்வாட்டத்தில் ஓர் அணிக்கு 18 பேர் களத்தில் இருப்பர். கிரிக்கெட் திடலைப் போன்ற நீள்வட்டத் திடலில், முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடுவர். பந்தை உதைக்கலாம், ஏந்தி ஓடலாம், ஆனால் எறியக்கூடாது. கையால் கொடுப்பதாயின், ஒரு கையில் பந்தை வைத்து மறுகை முட்டியால் குத்தியே கொடுக்க வேண்டும். திடலின் இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் உண்டு. நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளிகள் (கோல்). பக்கத்து இடைவெளிகளில் சென்றால் 1 புள்ளி (பிஹைண்ட்).

கெர் ஆடிய காலத்தில், நடுவர் திடலின் மையத்தில் பந்தைத் தரையில் அடித்து மேலெழச் செய்து ஆட்டத்தைத் தொடங்குவார். இரு அணிகளின் உயரமான வீரர்களும் எம்பி அதைத் தம் பக்கம் தட்டிவிட முயல்வர். அப்படித் தட்டிவிடப்படும் பந்தை நெரிசலுக்குள் புகுந்து கைப்பற்றி முன்னே அனுப்புவதே நடுக்கள வீரரின் முதற்பணி. ஈகிள்ஸ் அணியில் டீன் காக்ஸ் தட்டிவிடும் பந்தை கிரிஸ் ஜட், பென் கசின்ஸ், கெர் ஆகிய மூவரும் எடுத்துச் சென்றனர்.

ஆட்ட வாழ்க்கை

2000 ஆம் ஆண்டு நடந்த வீரர் தேர்வில் (டிராஃப்ட்) 18 ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கெர், அடுத்த ஆண்டே ஈகிள்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கினார். 2005 இறுதியாட்டத்தில் ஈகிள்ஸ் அணி சிட்னி ஸ்வான்ஸ் அணியிடம் 54–58 என்ற கணக்கில் 4 புள்ளிகளில் தோற்றது. 2006 இறுதியாட்டத்தில் அதே அணியை 85–84 என்ற கணக்கில் வென்றது. அன்று இரு அணிகளும் 12 கோல்களே அடித்திருந்தன. ஈகிள்ஸ் பெற்ற பிஹைண்டுகள் 13, சிட்னி பெற்றவை 12. அந்த ஒரு புள்ளியே பட்டத்தைத் தீர்மானித்தது.

பிரவுன்லோ பதக்கம்

இத்தொடரின் சிறந்த வீரருக்கு வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்துக்கான வாக்குகளைக் கள நடுவர்களே அளிக்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் சிறந்த மூவருக்கு முறையே 3, 2, 1 வாக்குகள் கிடைக்கும். 2004 இல் ஜட் இப்பதக்கத்தை வென்றார். 2005 இல் கசின்ஸ் 20 வாக்குகளுடன் வெல்ல, 19 வாக்குகள் பெற்ற கெர் இரண்டாமிடம் பெற்றார். மூவருள் இப்பதக்கத்தைப் பெறாதவர் கெர் மட்டுமே.

பிற்காலம்

2007 பருவத்துக்குப் பின் கசின்ஸ் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஜட் கார்ல்டன் அணிக்கு மாறினார். நடுக்களத்தில் இருவரை இழந்த ஈகிள்ஸ், 2008 இல் 16 அணிகளுள் 15 ஆம் இடத்துக்கும் 2010 இல் கடைசி இடத்துக்கும் சரிந்தது. கெர் அணியிலேயே தொடர்ந்தார். எனினும் காயங்களால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். 2013 இல் ஓய்வு பெறும்வரை ஏ.எஃப்.எல். தொடரில் வேறெந்த அணிக்கும் அவர் ஆடவில்லை.